பூங்காவைப் பராமரிக்கப் போகிறீர்களா? முதல் ஆண்டுக்கு ஒரு வழிகாட்டி

தன்னார்வலராகப் போன முதல் நாள், இரண்டு மணி நேரத்தில் ஒரு சாக்கு நிறையக் களை பிடுங்கினேன். இடுப்பு வலித்தது, பெருமையாகவும் இருந்தது. குழுவை நடத்திக்கொண்டிருந்த அம்மா அந்தச் சாக்கைத் தரையில் கவிழ்த்தார். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். ஒரு பக்கம் களை. இன்னொரு பக்கம் விரல் நீளத்தில் இருபது, இருபத்தைந்து கன்றுகள். பக்கத்தில் நின்ற பெரிய மரத்தின் விதையிலிருந்து தானாக முளைத்து வந்தவை. "இது முளைக்கணும்னுதான் ரெண்டு வருஷமா இந்த இடத்துக்கு வந்துட்டு இருக்கோம்" என்றார். திட்டவில்லை. அடுத்த மாதம் போனபோது என் கையில் களைக்கொத்துக்குப் பதிலாக ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுத்தார்.

பூங்காவோ, குன்றுப் பாதையோ, ஓடைக்கரையோ, கட்டடங்களுக்கு நடுவில் தப்பிப் பிழைத்த ஒரு துண்டுக் காடோ, எங்கே போனாலும் புதியவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவிருக்காது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் தடுமாற்றம். அந்தச் சாக்கை மனதில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

யாருடைய இடம் என்று கேளுங்கள்

கேட்பாரற்றுக் கிடப்பதுபோலத் தெரியும் நிலத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். பூங்கா ஒரு துறையிடம் இருக்கும், அதை ஒட்டி ஓடும் ஓடை இன்னொரு துறையிடம், மேலே தெரியும் சரிவு மூன்றாவதிடம். ஒரே வேலிக்குள் மூன்று அலுவலகங்களின் எல்லை ஓடுவதும் உண்டு. அனுமதி இல்லாமல் ஒரு புதரை வெட்டினாலும் சட்டப்படி அது சேதம்தான், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

ஏற்கெனவே ஒரு குழு அங்கே வேலை செய்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், காவலாளியிடம் கேளுங்கள், தினமும் நடக்க வருபவர்களிடம் கேளுங்கள். குழு இருந்தால் பேசாமல் அதில் சேர்ந்துவிடுங்கள். சொந்தமாகக் குழு தொடங்கும் ஆசை இருந்தால் ஓர் ஆண்டு தள்ளிப் போடுங்கள். அந்த ஓர் ஆண்டில் உங்கள் திட்டமே மாறிவிடும்.

குழு எதுவும் இல்லையென்றால் பொறுப்பான அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டியதுதான். "பூங்காவை மேம்படுத்த விரும்புகிறோம்" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். "கிழக்கு வாசலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில், மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை 7 முதல் 10 மணி வரை, 8 பேர், கைக்கருவிகளால் மட்டும் களை எடுக்க அனுமதி வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவருக்கு எதற்குச் சரி சொல்கிறோம் என்பது தெரியும், தயக்கம் குறையும்.

அதே கடிதத்தில் கேட்க வேண்டியவை சில. மண்ணுக்கடியில் குழாய், மின்கம்பி எங்கே ஓடுகிறது? மருந்து தெளிப்பது எப்போது? யாருக்காவது அடிபட்டால் காப்பீடு உண்டா? பிடுங்கிய களையை யார், என்றைக்கு அள்ளிக்கொண்டு போவார்கள்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இருபது சாக்குக் களை வாசலில் ஒரு வாரம் கிடந்தால், அந்த இடத்தை அசிங்கப்படுத்தியது நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

பொதுமக்கள் கைகொடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். 1970களில் நகரத்திடம் பணம் இல்லாமல் சீரழிந்து கிடந்த 843 ஏக்கர் பூங்கா அது. 1980இல் மக்கள் தரப்பிலிருந்து ஒரு காப்பு அமைப்பு உருவாகி, படிப்படியாகப் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. இன்றும் அங்கே நிலம் நகரத்துடையது. அமைப்பு ஒப்பந்தத்தின்கீழ்தான் வேலை பார்க்கிறது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே கையெழுத்துப் போட்ட காகிதம் தேவைப்படுகிறது.

ஒரு மாதம் சும்மா நடங்கள்

அனுமதி வந்ததும் மண்வெட்டியோடு இறங்கிவிடாதீர்கள். நோட்டு, பென்சிலோடு நான்கைந்து முறை நடந்து பாருங்கள். ஒரு முறையாவது மழை பெய்துகொண்டிருக்கும்போதே போங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, பாதையை எந்த இடத்தில் அரிக்கிறது என்பதெல்லாம் வெயில் நாளில் தெரியாது.

கையால் ஒரு கோட்டு வரைபடம் போடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. களை அடர்ந்த இடம், களை இல்லாமல் செழித்திருக்கும் இடம், ஆட்கள் குறுக்கே நடந்து நடந்து மண் இறுகிப்போன இடம், பறவை கூடு கட்டிய புதர், தண்ணீர்க் குழாய். இந்த ஐந்தும் இருந்தால் போதும். அப்புறம், அசையாத ஒரு பாறையையோ கம்பத்தையோ தேர்ந்தெடுத்து, அங்கே நின்று ஒரு படம் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று, அதே மரம் படத்தின் அதே மூலையில் வரும்படி எடுங்கள். மாற்றம் மெதுவாக நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சோர்ந்துபோகும் நாளில் இந்தப் படங்கள்தான் உங்களைத் திரும்ப வரவைக்கும்.

செடியை அடையாளம் காண்பதில் பேராசை வேண்டாம். அந்த இடத்துக்கே உரிய செடிகளில் ஐந்து, வெளியிலிருந்து வந்து பரவியவற்றில் ஐந்து. முதல் ஆண்டுக்கு இது தாராளம். ஆனால் அந்தப் பத்தையும் மூன்று பருவங்களில் தெரிந்துகொள்ளுங்கள்: முளை, வளர்ந்த செடி, காய்ந்த தண்டு. நான் சறுக்கியது முளையில்தான். பல மரங்களின் முதல் இலைகளுக்கும் வளர்ந்த மரத்தின் இலைகளுக்கும் சம்பந்தமே இருக்காது. 2008இல் தொடங்கிய ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் படம் ஏற்றினால், கணினி ஒரு பெயரைச் சொல்லும். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து உறுதிசெய்வார்கள் அல்லது திருத்துவார்கள். இலையின் மேற்புறத்தை மட்டும் படமெடுக்காமல் அடிப்புறம், தண்டு, பூ என்று தனித்தனியாக எடுத்தால் சரியான பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம். முளைகளைப் பொறுத்தவரை கணினியின் முதல் ஊகத்தை நம்பிப் பிடுங்காதீர்கள். பெயர் தெரியாததைத் தொடாமல் விடுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

என்ன உடுத்துவது, எதை எடுத்துப் போவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழுக்கைச் சட்டை, கால் முழுக்க மூடும் உடுப்பு, விரல் மூடிய காலணி, தொப்பி, குடிக்கத் தண்ணீர், தடித்த கையுறை. கருவி என்றால் ஒரு களைக்கொத்து, ஒரு கவாத்துக் கத்தரி, ஒரு சிறு கை ரம்பம். மண்வெட்டியும் கடப்பாரையும் குழுவுக்கு ஒன்றிரண்டு போதும். கைப்பிடியில் பளிச்சென்று சிவப்போ ஆரஞ்சோ பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் பச்சைக்குள் பாதிக் கருவியைத் தொலைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவீர்கள்.

வெட்டும் கருவியோடு நிற்பவரிடமிருந்து இரண்டு கைப்பிடி நீளமாவது தள்ளி நில்லுங்கள். கீழே வைக்கும்போது கூர்முனை மண்ணைப் பார்க்க வேண்டும். ஏணி, இயந்திர ரம்பம், தலைக்குமேல் உள்ள கிளை இவை மூன்றும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. கற்குவியலுக்குள்ளோ மரப்பொந்துக்குள்ளோ பார்க்காமல் கையை விடாதீர்கள். ஊசி, உடைந்த கண்ணாடி கிடந்தால் கையுறை போட்டிருந்தாலும் விரலால் எடுக்க வேண்டாம். இடுக்கியால் எடுத்து, தடித்த சுவருள்ள டப்பாவில் போட்டு மூடுங்கள்.

களை: நல்ல இடத்திலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லோரும் களை மிக மோசமாக மண்டிய இடத்துக்குத்தான் ஓடுவார்கள். அங்கே வேலை செய்தால் உடனே வித்தியாசம் தெரியும் அல்லவா? ஆனால் அந்த இடத்தைச் சுத்தமாக வழித்துவிட்டால், வெறும் மண்ணில் வெயில் விழும். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக்கொண்டிருந்த களை விதைகள் அத்தனையும் ஒன்றாக எழும். மூன்று மாதத்தில் முன்பைவிட அடர்த்தியாகக் களை நிற்கும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960களில் தங்கள் வீட்டுப் பக்கத்துப் புதர்க்காட்டில் இதைக் கவனித்தார்கள். அவர்கள் செய்துபார்த்துச் சொன்ன முறைக்கு இன்று அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. மூன்றே விதிகள். நல்ல இடத்திலிருந்து மோசமான இடத்தை நோக்கி வேலை செய். மண்ணை எவ்வளவு குறைவாகக் கிளற முடியுமோ அவ்வளவு குறைவாகக் கிளறு; விலக்கிய சருகைத் திரும்பப் பரப்பிவிடு. பிடுங்கிய இடத்தில் உள்ளூர்ச் செடி எழுந்து நிற்கும் வேகத்தில்தான் அடுத்த அடி முன்னேறு.

மூன்றாவது விதிதான் கடினம். நம் வேகத்தைச் செடி தீர்மானிக்க விடுவது என்றால் பொறுமை வேண்டும். நடைமுறையில் இதன் பொருள்: செழிப்பான இடத்தின் ஓரத்தில் ஓர் அறை அளவு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மட்டும் களை எடுங்கள். நான்கு வாரம் கழித்து வந்து, புதிதாக முளைத்த களையை எடுங்கள். மறுபடி வாருங்கள். அந்த அறைக்குள் உங்களுக்கு வேலை குறைந்த பிறகுதான் அடுத்த அறை.

பிடுங்குவதிலும் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும், அன்றைக்குப் போங்கள். ஒரு கையால் சருகை ஒதுக்குங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில், அதற்கு மேலே அல்ல, கட்டைவிரலும் இரண்டு விரலும் பிடிக்க வேண்டும். மற்றக் கையின் விரல்களால் செடியைச் சுற்றியுள்ள மண்ணை அழுத்திக்கொள்ளுங்கள். லேசாக ஒரு திருகு, பிறகு நேர்மேலே மெதுவாக ஓர் இழுப்பு. வேர் "சர்ர்" என்று வழுக்கி வருவது விரலில் தெரியும். "டக்" என்று சத்தம் கேட்டால் வேர் உள்ளே அறுந்துவிட்டது. களைக்கொத்து முனையால் அதையும் எடுக்க வேண்டும். வேரில் ஒட்டிய மண்ணை அதே குழியில் உதறுங்கள், விரலால் அமுக்குங்கள், சருகை மேலே இழுத்து விடுங்கள். எழுந்து பார்த்தால் நீங்கள் அங்கே உட்கார்ந்த சுவடே தெரியக்கூடாது.

எல்லாக் களைக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் எடுத்தாக வேண்டும். முளைத்து ஒரு மாதத்திலேயே பூத்துவிடக்கூடியது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும் என்பதால் கையுறை, முகக்கவசம் இல்லாமல் கிட்டப் போக வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது. உண்ணிச்செடியை மேலே வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும். தூரோடு தோண்ட வேண்டும், அல்லது துளிர்க்கத் துளிர்க்க வெட்ட வேண்டும். அந்த முள்புதருக்குள் பறவைகள் கூடு கட்டியிருக்கலாம். அதனால் கூடு கட்டும் பருவத்தை விட்டுவிட்டு, ஒரே நாளில் முழுப் புதரையும் எடுக்காமல் துண்டு துண்டாக எடுங்கள். குளத்தில் ஆகாயத்தாமரை என்றால் அதைத் தண்ணீருக்குள் நறுக்காதீர்கள். உடைந்த துண்டும் மிதந்துபோய்த் தனிச் செடியாகும். முழுசாகக் கரைக்கு இழுத்து, தண்ணீர் ஏறாத தூரத்தில் போட்டுக் காயவிடுங்கள்.

மரத்தில் ஏறி மூடிக்கொண்ட கொடியைப் பார்த்தால் பிடித்து இழுக்கத் தோன்றும். இழுத்தால் காய்ந்த கிளையும் சேர்ந்து தலையில் விழும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு வெட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு வெட்டு. நடுத்துண்டை மட்டும் மரப்பட்டை காயம்படாமல் எடுத்துவிடுங்கள். மேலே உள்ளது தானாகக் காய்ந்து உதிரும். கீழே உள்ள வேரைத்தான் தோண்ட வேண்டும்.

விதை, பூ உள்ள தலைப்பகுதியை முதலில் வெட்டித் தனிப் பையில் கட்டுங்கள். மற்றதைப் பிறகு பிடுங்கலாம். இந்த வரிசையை மாற்றினால், இழுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் நீங்களே விதைத்துக்கொண்டு போவீர்கள்.

கன்று நடுவது

எல்லோருக்கும் பிடித்த வேலை, அதனாலேயே அதிகம் சொதப்புகிற வேலை. குழி வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: இங்கே மரம் வேண்டுமா? புல்வெளி, சதுப்பு, பாறைத்திட்டு இவை காலியிடங்கள் அல்ல. அங்கே வாழும் புல்லுக்கும் பூச்சிக்கும் தரையில் கூடு கட்டும் பறவைக்கும் வெயில்தான் தேவை. அங்கே மரம் நட்டு நிழல் விழவைத்தால் அவை போய்விடும். தானாக முளைக்கும் இடத்திலும் நட வேண்டியதில்லை. முளைத்ததைச் சுற்றிக் களை எடுத்தாலே போதும். அந்த இடத்திலேயே முளைத்த கன்றுக்கு அந்த மண் பழகியிருக்கும்.

நடத்தான் வேண்டும் என்றால், உங்கள் பகுதியில் மழை தொடங்கும் பருவத்தில் நடுங்கள். ஆளுயரக் கன்றைவிட முழங்கால் உயரக் கன்று சீக்கிரம் வேர் பிடிக்கும். குழியை ஆழமாக வெட்டாமல் அகலமாக வெட்டுங்கள்: ஆழம் வேர்க்கட்டியின் உயரம், அகலம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பையைக் கிழித்ததும் வேர்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றியிருந்தால் விரலால் பிரித்து விடுங்கள், முடியாததை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து மரத்தின் கழுத்தை அதே வேர் நெரிக்கும். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். அதை மண்ணுக்குள் புதைத்தால் பட்டை அழுகும்.

மூடாக்கு (மண்ணை மூடிவைக்கும் சருகு அடுக்கு) 5 முதல் 10 செ.மீ. தடிப்பில் போடுங்கள், ஆனால் தண்டைச் சுற்றி ஒரு கையளவு இடம் விட்டு. தண்டில் சாய்த்துக் கோபுரம்போலக் குவிப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பார்க்க நேர்த்தியாக இருக்கும், மரத்துக்கு நஞ்சு. வளர்ந்த மரத்தின் அடியில் மண்ணைக் கொட்டி மேடு கட்டுவதும் அப்படித்தான். மூச்சுவிடும் மெல்லிய வேர்களெல்லாம் மண்ணின் மேலடுக்கில்தான் இருக்கின்றன. ஊன்றுகோல் கட்டினால் தண்டு காற்றில் கொஞ்சம் அசையும்படி தளர்வாகக் கட்டுங்கள், ஓர் ஆண்டில் அவிழ்த்துவிடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு போடாமல் கன்று வாங்காதீர்கள். முதல் இரண்டு கோடையும் யாராவது வந்து ஊற்ற வேண்டும். தினமும் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, மண் ஆழமாக நனையும்படி மெதுவாக ஊற்றினால் வேர் கீழே இறங்கும். எட்டுப் பேர் உள்ள குழுவுக்கு நூறு கன்று என்பது ஆசை, இருபது என்பது நடக்கிற காரியம்.

பாதை: எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை

பாதையைக் கெடுப்பது நடக்கிறவர்களின் கால் என்று நினைப்போம். பெரும்பாலும் முதல் குற்றவாளி மழைத்தண்ணீர். பாதை வழியாகவே தண்ணீர் ஓடினால் அது ஓடையாகிவிடும். அரித்த இடத்தில் நடக்க முடியாமல் ஆட்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள். ஒற்றையடிப் பாதை மூன்றடியாகும், பிறகு ஆறடியாகும். பாதையின் நீளத்தில் ஓட விடாமல், குறுக்கே வெளியேற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

குன்றுச் சரிவில் போகும் பாதையின் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும்; 1 மீட்டர் அகலத்துக்குச் சுமார் 5 செ.மீ. போதும். அளக்கக் கருவி வேண்டாம், ஒரு பந்தைப் பாதையில் வையுங்கள். வெளிப்பக்கமாக உருண்டு சரிவில் இறங்கினால் சரி. பாதை வழியே உருண்டு ஓடினால் தண்ணீரும் அப்படித்தான் ஓடும். ஏற்றத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: பாதையின் ஏற்றம், குன்றுச் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. குன்று 100 மீட்டருக்கு 20 மீட்டர் ஏறினால், அதன் குறுக்கே போகும் பாதை 100 மீட்டருக்கு 10 மீட்டருக்குள் ஏற வேண்டும். புதுப் பாதை போடுவது உங்கள் வேலையாக இருக்காது. ஆனால் ஏன் ஒரு பாதை மட்டும் வருடா வருடம் அரிக்கிறது என்பது இந்தக் கணக்கில் விளங்கும்.

தன்னார்வலருக்குக் கிடைக்கும் வேலை வரப்பு வெட்டுவது. நாள்படக் கால்கள் மிதித்து ஒதுக்கிய மண், பாதையின் வெளி ஓரத்தில் ஒரு சிறு வரப்பாகக் கட்டிக்கொள்ளும். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பாதையிலேயே ஓடும். மண்வெட்டியால் அந்த வரப்பைச் சீவி, மண்ணைப் பாதையின் நடுப்பள்ளத்தில் போட்டு மிதித்துவிடுங்கள். வயலில் மடை திறப்பதைப்போல. அப்புறம், ஏற்கெனவே வெட்டி வைத்த வடிகால்களில் சருகும் வண்டலும் அடைத்திருக்கும். ஒருவர் ஒரு காலையில் பத்து வடிகாலைத் தூர்வாரிவிடலாம். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்காலத்தின் நடுவில் ஒரு தடவை. படம் எடுத்துப் போட இதில் ஒன்றுமே இருக்காது. ஆனால் இதைவிடப் பலன் தரும் வேலை குன்றுப் பாதையில் வேறில்லை.

சேற்றில் ஜல்லி கொட்டச் சொல்வார்கள். வடிகால் இல்லாமல் கொட்டினால் ஜல்லியும் சேற்றுக்குள் போய்விடும். குறுக்குவழியை மூடப் பலகை மட்டும் வைத்தால் யாரும் மதிப்பதில்லை. அந்தப் பாதையின் இரண்டு முனைகளிலும் காய்ந்த கிளைகளைப் பரப்பி, கண்ணுக்கே பாதையாகத் தெரியாமல் செய்யுங்கள். எல்லோரும் அதே குறுக்குவழியில்தான் போகிறார்கள் என்றால், முதன்மைப் பாதையில்தான் ஏதோ கோளாறு. அங்கே நடந்துபார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

குப்பை

பொறுக்குவது எளிது. எண்ணிக்கொண்டே பொறுக்குவது பயனுள்ளது. 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் கடற்கரைத் துப்புரவில், முதல் ஆண்டிலிருந்தே என்னென்ன கிடைத்தது என்று எழுதி வைத்தார்கள். "நிறையக் குப்பை" என்று அலுவலகத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள். "மூன்று மாதமாக எடுத்ததில் பாதிக்குமேல் பாட்டில் மூடி, அதுவும் அந்த ஒரு இருக்கையைச் சுற்றி" என்று சொன்னால் அங்கே ஒரு தொட்டி வரும்.

சருகும் விழுந்த மரமும் குப்பை அல்ல. மட்கும் மரக்கட்டைக்குள் வண்டு, மரவட்டை, காளான் என்று ஒரு குடியிருப்பே இருக்கும். பாதையில் கிடந்தால் ஓரமாக நகர்த்தி வையுங்கள், அவ்வளவுதான். பூங்கா "சுத்தமாக" இருக்க வேண்டும் என்று உங்கள் குழுவிலேயே ஒருவர் அடம்பிடிப்பார். அவரோடு வாதம் செய்வதைவிட, ஒரு கட்டையைப் புரட்டிக் காட்டிவிட்டு மறுபடி அப்படியே வைப்பது பலன் தரும்.

கிளம்பும் முன்

கருவிகளை எண்ணுங்கள். மண்ணைச் சுரண்டித் துடையுங்கள். காலணியின் அடிப்பகுதியையும் அங்கேயே தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இதை அலட்சியமாக நினைக்காதீர்கள்: நியூசிலாந்தின் கௌரி மரங்களைக் கொல்லும் நோய்க்கிருமி காலணியில் ஒட்டிய மண்ணோடு பரவுகிறது. அதற்காகவே காட்டுப் பாதைகளின் வாசலில் காலணி கழுவும் நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். ஆக்லாந்துக்கு அருகே வைட்டாகெரே மலைக்காட்டில் 2018இல் பல பாதைகளை மூடவும் செய்தார்கள். களை விதையும் அதே மண்ணில்தான் பயணம் செய்கிறது. காலையில் ஓர் இடம், மாலையில் இன்னோர் இடம் என்று போகிறவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

ஆட்கள்

வேலை நாளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். "மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை 7 மணி" என்று முடிவுசெய்தால் மூன்று பேர் வந்தாலும் அந்த நாளில் நடத்துங்கள். மூன்று மணி நேரத்துக்குமேல் இழுக்காதீர்கள். களைத்துப்போய் வீடு திரும்பியவர் அடுத்த மாதம் வரமாட்டார். முதல் முறை வருபவருக்கு ஒரே ஒரு களையைக் காட்டுங்கள். இலை, தண்டு, வாசனை எல்லாம் சொல்லி, இன்றைக்கு இது மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள். என் சாக்குக் கதையை நான் அப்போதுதான் சொல்வேன்.

குனிய முடியாதவர், முழங்கால் வலி உள்ளவர் வந்தால் உட்காரவைத்துவிடாதீர்கள். கருவி தீட்டுவது, குப்பைக் கணக்கு, கன்றுகளில் எத்தனை உயிரோடிருக்கிறது என்று எண்ணுவது, வழியில் போகிறவர் "என்ன செய்றீங்க?" என்று கேட்டால் நின்று பதில் சொல்வது என்று வேலை இருக்கிறது. கடைசியில் சொன்னது சாதாரண வேலை இல்லை. பச்சையாக நிற்பதை ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கோபமாகக் கேட்பவர்கள் வருவார்கள். அவர்களுக்கும் அந்த இடத்தின்மேல் பாசம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். கோபமாக வந்தவர் ஒருவர் இப்போது எங்கள் குழுவில் கொடி வெட்டுவதில் கெட்டிக்காரர்.

நோட்டு

ஒவ்வொரு முறையும் நான்கே வரி: தேதி, வந்தவர் எண்ணிக்கை, எந்த அறையில் என்ன செய்தோம், அடுத்து எங்கே. கன்று நட்டிருந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை எத்தனை மிச்சம் என்ற எண்ணிக்கை. இறந்ததையும் எழுதுங்கள், எங்கே இறந்தது என்பதையும். ஒரே மூலையில் தொடர்ந்து காய்ந்தால் அங்கே மண்ணுக்கடியில் கட்டட இடிபாடு புதைந்திருக்கலாம், அல்லது குழாய்த் தண்ணீர் அதுவரை எட்டாமலிருக்கலாம்.

என்றாவது நீங்கள் ஊர் மாறிப் போக நேரும். அப்போது குழுவில் இளையவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடங்கள். படம் எடுக்கும் பாறை, கூடு கட்டும் புதர், இடப்பக்கம் திருகினால்தான் மூடும் அந்தக் குழாய், பந்து உருண்ட வளைவு, இன்னும் தொடாமல் வைத்திருக்கும் மோசமான மூலை, எல்லாவற்றையும் காட்டுங்கள். நோட்டையும் கருவி அறைச் சாவியையும் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டாம் ஞாயிறு யார் பொறுப்பு என்று அதே நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.